அரசிதழில் ஏறிய வாசல்

வெல்டர் தன் ஆயுளில் எந்த அரசாங்க கௌரவத்துக்கும் ஆசைப்பட்டதில்லை. ஆனாலும் அது அவர் வீடு தேடி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கி, வீட்டுச் சுவரில் நான்கு ஓட்டை போட்டு, ஒரு நீலப் பலகையை மாட்டிவிட்டுப் போனது. 'இது பாதுகாக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடம். இதன் சுவரில் ஆணி அடிப்பதோ துளையிடுவதோ தண்டனைக்குரிய குற்றம்' என்று பலகையில் எழுதியிருந்தது. துளையிட்ட ஆள் அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே திருகாணியை முடுக்கினார்.

நடந்தது இதுதான். அந்த மாவட்டத்தில் நாற்பது பழங்காலக் கட்டடங்கள் இருந்தன. நாற்பது இருந்தால்தான் மாவட்டத்துக்கென்று தனிப் பாதுகாப்பு அலுவலகம், தனி அதிகாரி, தனி ஜீப். அந்த நாற்பதில் ஒன்று குன்றின்மேல் இருந்த காவற்கோபுரம். அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்ற கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போய்க்கொண்டிருந்த ஒன்பதாவது வருஷம் கோபுரம் பொறுமை இழந்து விழுந்துவிட்டது. இப்போது கையில் முப்பத்தொன்பது. ஜீப் போய்விடும்! அதிகாரி ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் பழைய நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு காலத்தில் சுங்கச்சாவடியாக இருந்து, வெல்டரின் தாத்தா ஏலத்தில் எடுத்து, மூன்று தலைமுறையாக வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்த அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டதாம். நாற்பதாவது கிடைத்தால் யாருக்குத்தான் கலங்காது?

பலகை மாட்டிய அன்று அதிகாரி ஒரு சிற்றுரை ஆற்றினார். கேட்டவர்கள் வெல்டர், அவர் மனைவி, அவர் அப்பா, மாவு மில்லுக்குப் போகிற வழியில் நின்ற இரண்டு பேர்.

"ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கணும்னா, யார்கிட்டேயிருந்து பாதுகாக்கணும்ங்கிறதுதான் முதல் கேள்வி. வெயில், மழை, காற்று எல்லாம் ஒண்ணும் செய்யாது. எங்க அனுபவத்துல முக்கால்வாசி ஆபத்து உள்ளே குடியிருக்கிறவங்களாலதான். அதனால இவங்களை நாங்க தொடர்ந்து கண்காணிப்போம்."

வெல்டர் கைதட்டினார். பிறகுதான் கண்காணிக்கப்போவது தன்னைத்தான் என்பது அவருக்கு உறைத்தது.

இருந்தாலும் ஒரு வருஷம் எந்தத் தொல்லையும் இல்லை. வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் வெல்டிங் பட்டறை. ஊரில் பாதி வீட்டு கேட்டும் ஜன்னல் கம்பியும் அவர் கையால் பிறந்தவை. தொல்லை அப்பாவின் ரூபத்தில் வந்தது. அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பட்டறையை ஒட்டியிருந்த குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து, சக்கர நாற்காலியில் உட்கார்த்தி, "இனிமே இதுதான் உங்க வண்டி" என்று அனுப்பிவிட்டார்கள்.

நாற்காலியின் அகலம் இரண்டடி நாலங்குலம். வீட்டு வாசலின் அகலம் சுத்தமாக இரண்டடி. வேறு வாசலும் கிடையாது. வசூல் பண்ணியவன் பின்பக்கமாக நழுவிவிடக் கூடாது என்பதற்காக ஒரே ஒரு வாசல், அதுவும் ஒருத்தர் ஒருத்தராக நுழைகிற மாதிரி வைத்துச் சுங்கச்சாவடியைக் கட்டியிருந்தார்கள் அந்தக் காலத்துப் புண்ணியவான்கள்.

நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிப் பார்த்தார்கள். முன்னால் தூக்கியவர்கள் உள்ளே போக முடியாமல் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். பின்னால் தூக்கியவர்கள் தள்ளினார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட அப்பா, பஸ் ஓட்டிய காலத்தில்கூட யார்மேலும் பிரயோகிக்காத வார்த்தைகளை எல்லாம் அன்று பிரயோகித்தார். முழங்கை உராய்ந்து ரத்தம் வந்தது. "இன்னொரு தடவை என்னை மூட்டை மாதிரி தூக்கினா, நான் வீட்டுக்கே வரலை. போடா!" என்று சொல்லிவிட்டார். குறுகலாக ஒரு நாற்காலி செய்யலாம் என்று வெல்டர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒன்று செய்தார். வாசலில் அது அழகாக நுழைந்தது. ஆனால் அதில் அப்பா நுழையவில்லை. முப்பது வருஷம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்த உடம்பு அது.

ஆக, அப்பாவின் கட்டில் பட்டறைக்கு வந்தது. ஒரு பக்கம் கேஸ் சிலிண்டர், ஒரு பக்கம் துருப்பிடித்த கம்பிக் கட்டு. பகலில் தகரம் காய்ந்து மண்டை வெடிக்கும். பட்டறைக்கு வருகிறவர்களிடம் அப்பாவே பேரம் பேச ஆரம்பித்தார். அதில் ஒன்றும் குறைவில்லை. ஆனால் மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. தகரக் கூரையில் பதினெட்டு ஓட்டை. அப்பாவுக்கு நெஞ்சுச் சளி வேறு. மழைக்கு முன்னால் அவரை வீட்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். அதற்கு வாசலை அரை அடி அகலப்படுத்தினால் போதும். ஒரு கொத்தனார், அரை நாள் வேலை. அவ்வளவுதான் வெல்டரின் கோரிக்கை.

மாவட்டப் பாதுகாப்பு அலுவலகம் நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. அந்த இடத்தில் முன்பு இருநூறு வருஷத்துப் பழைய நீதிமன்றம் ஒன்று இருந்ததாம். பாதுகாப்பு அலுவலகத்துக்கு இடம் வேண்டும் என்று அதை இடித்துவிட்டார்கள்.

விண்ணப்பப் படிவத்தில் 'மாற்றம் கோருவதற்கான காரணம்' என்ற இடத்தில் நிலநடுக்கம், வெள்ளம், இடி, எதிரிப் படையெடுப்பு, இதர என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. வெல்டர் நெடுநேரம் யோசித்து, 'இதர' என்பதற்கு நேராக 'அப்பா' என்று எழுதினார்.

அதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்பா எல்லாம் ஒரு காரணம் ஆகாதுங்க."

"அவரால உள்ளே வர முடியலை சார்."

"வெளியே எப்படி வந்தார்?"

"வாசல் வழியாத்தான் சார்."

"இதே வாசல்?"

"ஆமா சார்."

"வெளியே வந்த ஆள் அதே வாசல் வழியா ஏன் உள்ளே போக முடியாது?"

"வெளியே போறப்ப நடந்து போனார் சார். இப்ப சக்கர நாற்காலி."

அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். இப்படி ஒரு பிடி கிடைத்தால் விடுவாரா? "அப்போ வாசல் மாறலை. மாறினது உங்க அப்பா. எந்தத் தரப்பு மாறிச்சோ அந்தத் தரப்புதானே சரிபண்ணிக்கணும்? அந்த வாசல் முந்நூறு வருஷமா அதே அளவுல இருக்கு. உங்க அப்பா எழுபது வருஷத்துக்குள்ள நிலை மாறிட்டார். யார்மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க."

வெல்டர் நியாயஸ்தர். எதையும் எதிராளியின் பக்கம் நின்று பார்க்கிற சுபாவம். 'ஆமாம், அப்பா கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம்' என்று ஒரு கணம் அவருக்கே தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி தோசைக்கரண்டியோடு திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை.

"என்னங்க, நீங்க ஆபீசுக்குப் போனா அவங்க ஆளாயிடுறீங்க. அடுத்த தடவை நானும் வர்றேன்" என்றாள்.

இருவரும் ஏழு தடவை போனார்கள். ஏழாவது தடவை ஒரு நிபுணர் குழு அனுப்புவதாக அதிகாரி வாக்களித்தார். சொன்னபடி அனுப்பினார். அதைக் குறை சொல்லக் கூடாது.

மூன்று நிபுணர்கள். ஒருவர் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். இன்னொருவர் வாசல் நிலையில் இருந்த கீறல்களைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, "இது மாட்டுவண்டி அச்சு உரசினது, வரலாறு. இது சக்கர நாற்காலி உரசினது, சேதம்" என்று பிரித்துக் குறித்துக்கொண்டார். மூன்றாமவர் நேரே பட்டறைக்குப் போய் டேப்பைப் பிரித்து அப்பாவை அளந்தார். தோளுக்குத் தோள், இடுப்பு, முழங்கை விரித்தால் எவ்வளவு, மடக்கினால் எவ்வளவு.

"எதுக்குப்பா இதெல்லாம்? எனக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார் அப்பா.

"அசையாதீங்க" என்றார் நிபுணர்.

குழுவின் அறிக்கை பதினாறு பக்கம். வாசலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. 'தந்தையின் அகலம் நிலையானதாகத் தெரியவில்லை. மாதம் ஒருமுறை வீதம் ஓராண்டு அளந்து, அவர் சுருங்குகிறாரா என்று கண்டறிந்த பிறகே முடிவெடுக்க இயலும்' என்று முடித்திருந்தார்கள். மனைவி அதைப் படித்துவிட்டு, "மனுசன் மெலிஞ்சு மெலிஞ்சு உள்ளே வரணுமாம். பாவிப் பசங்க!" என்று அறிக்கையைப் பால் பாத்திரத்துக்கு மூடியாக வைத்துவிட்டாள்.

மழை சொன்ன தேதிக்கு முன்னதாகவே வந்துவிட்டது. முதல் மழை ஒரு மதியம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பதினெட்டு ஓட்டையும் ஒழுகியது. வெல்டரும் மனைவியும் அப்பாவின் கட்டிலை இங்கே இழுத்தார்கள், அங்கே இழுத்தார்கள், கடைசியில் தார்ப்பாயை அவர்மேலேயே போர்த்தினார்கள். அதற்குள்ளிருந்து அப்பா இருமினார். இருமலுக்கு நடுவே, "ஏம்மா, வைப்பர் போட்டியா?" என்று மருமகளிடம் கேட்டார். அவள் சிரித்தாள். வெல்டருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கெல்லாம் வாசல் செய்து கொடுக்கிறவன், பெற்ற அப்பாவை வீட்டுக்குள் கொண்டுபோக வக்கில்லாமல் நிற்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. சம்மட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"அடிச்சா மூணு வருஷம் உள்ளே வெச்சிருவாங்க. மாமா வீட்டுக்குள்ளே வருவார், நீங்க ஜெயிலுக்குள்ளே போவீங்க. பட்டறையை யார் பார்க்கிறது? நானா வெல்டிங் அடிக்க?"

வெல்டர் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். வேறென்ன செய்வார், பாவம்.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. வருஷாந்திரச் சரிபார்ப்பாம். நாற்பது கட்டடமும் அரசிதழில் எழுதியிருக்கிறபடியே இருக்கின்றனவா என்று அதிகாரி நேரில் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். கூடவே ஒரு குமாஸ்தா. போன வருஷம் வீட்டை அளந்து அரசிதழுக்கு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அதிகாரி அரசிதழை விரித்து உரக்கப் படித்தார்.

"ஓடு வேய்ந்த கூரை."

"இருக்கு சார்" என்றார் குமாஸ்தா.

"ஜன்னல் இரண்டு."

"இருக்கு சார்."

"பிரதான வாசல். அகலம் மூன்றரை அடி. இரட்டைக் கதவு, இரும்பு. மேற்புறம் எதிரெதிரே நோக்கும் இரண்டு அன்னப் பறவைகள். முந்நூறு ஆண்டுப் பழமை வாய்ந்த அரிய கைவண்ணம்."

குமாஸ்தா வானத்தைப் பார்த்தார். அதிகாரி தலையைத் தூக்கி, இரண்டடி வாசலையும் அதிலிருந்த ஒற்றை மரக்கதவையும் பார்த்தார். டேப்பை வாங்கித் தானே அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு மெதுவாக வெல்டர் பக்கம் திரும்பினார்.

"மீதி ஒன்றரை அடி எங்கே?"

வெல்டர் குனிந்து தரையில் தேடினார். "எந்த ஒன்றரை அடி சார்?"

"அன்னம் எங்கே?"

அப்போதுதான் வெல்டருக்குப் பளிச்சென்று புரிந்தது. போன வருஷம் அளக்க வந்த அன்று நல்ல வெயில். வீட்டு வாசலில் நேர் வெயில் அடித்தது. பட்டறையில்தான் நிழல். அங்கே கோழிப்பண்ணைக்காரருக்காக வெல்டர் செய்த கேட், பெயின்ட் காய்வதற்காகச் சுவரில் சாய்ந்திருந்தது. மூன்றரை அடி, இரட்டைக் கதவு. பண்ணையில் வாத்தும் உண்டு என்பதால் மேலே இரண்டு வாத்து வைக்கச் சொல்லியிருந்தார். குமாஸ்தா வெயிலுக்குப் பயந்து நிழலில் நின்றபடியே கிட்டே இருந்ததை அளந்து எழுதிவிட்டார். வாசல்தானே, எந்த வாசலாக இருந்தால் என்ன? அந்தக் காகிதம் ஐந்து மேஜைகளில் ஐந்து கையெழுத்து வாங்கியிருக்கிறது. போகிற வழியில் வாத்து அன்னமாகிவிட்டது.

"சார், அது வந்து நான்தான் போன வருஷம்..." என்று வெல்டர் வாயைத் திறந்தார். மனைவி அவர் காலை நச்சென்று மிதித்தாள். அடுத்த நொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"சார், தப்புதான் சார்! ஆசைப்பட்டுச் சின்னதாக்கிட்டோம் சார். பெரிய வாசலா இருந்துச்சா, நாயெல்லாம் உள்ளே வந்துது சார். மன்னிச்சிருங்க சார்!"

அதிகாரிக்கு முகம் சிவந்தது.

"எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க! சின்னதாக்கிட்டு, அதையே பெரிசாக்க அனுமதி கேட்டு ஏழு தடவை என் மேஜைக்கு வந்திருக்காங்க. யோவ், அந்தக் கதவோட அருமை உனக்குத் தெரியுமா? அந்த அன்னத்தோட கழுத்தை இப்ப எவனாவது வளைச்சிருவானா? அந்தக் காலத்துக் கைக்காரன் ராத்தூக்கம் இல்லாம, சோறு தண்ணி இல்லாம செஞ்சிருப்பான்."

"சாப்பிட்டுத்தான் சார்..." என்று வெல்டர் முனகினார். இன்னொரு மிதி விழுந்தது.

உத்தரவு அங்கேயே, ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து எழுதப்பட்டது. ஏழு நாளைக்குள் வாசலை அரசிதழில் கண்டபடி மூன்றரை அடிக்கு மீட்டெடுக்க வேண்டும். இரும்புக் கதவு, அன்னம் இரண்டு உட்பட. தவறினால் வழக்கு. குமாஸ்தா முத்திரை குத்தினார். முதல் முத்திரையை அவர் தலைகீழாகக் குத்தியதை மனைவி பார்த்தாள். அவருக்கு மட்டும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டே நாள். கொத்தனார் சுவரை உடைத்தார், வெல்டர் கதவை அடித்தார். மூன்றாம் நாள் காலை அப்பா தன் சக்கர நாற்காலியில் வாசலுக்கு நேரே வந்து நின்றார். யாரும் தள்ளக் கூடாது என்றுவிட்டார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், வாயாலேயே ஹாரன் அடித்தார். இரண்டு பக்கமும் முழங்கைக்கு இடம் விட்டு ஒரே சீராக உள்ளே போனார். தன் அறை ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நிறுத்தினார். சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெல்டர் கதவுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் அதிகாரி சரிபார்க்க வந்தார். டேப் சரியாக இருந்தது. அன்னங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"பரவாயில்லை. ஆனா அந்தப் பழைய நளினம் இல்லை. அது வேற கை" என்றார்.

"ஆமா சார்" என்றார் வெல்டர். இப்போது அவர் தேறிவிட்டார்.

இதோடு விட்டிருந்தால் அது அலுவலகமாகுமா? நாலு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் வீட்டின் பழைய புகைப்படத்தையும் அரசிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தொலைத்தார். அந்த அலுவலகத்தில் அப்படி ஒன்று நடந்தது அதுவே முதல் தடவையாம். பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. 'அரசிதழில் நேர்ந்த பிழை திருத்தப்படுகிறது. வாசலின் சரியான அகலம் இரண்டடி. முப்பது நாட்களுக்குள் பழைய நிலைக்குக் குறுக்கி அறிக்கை சமர்ப்பிக்கவும்.'

வெல்டர் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். மறுபடி அந்தத் தகரக் கொட்டகையா?

அப்பா பதறவில்லை. "ஒரு மனு எழுது. வாசலைக் குறுக்கித் தர்றோம், மாட்டேன்னு சொல்லலை. ஆனா நான் வெளியே போன பிறகு குறுக்கிக்கிறோம்னு எழுது."

"நீங்க எங்கேப்பா போகப் போறீங்க?"

"எல்லாரும் போற இடத்துக்குத்தான். படுத்துக்கிட்டுப் போறவனுக்கு ரெண்டடி தாராளம்டா."

"மாமா, வாயைக் கழுவுங்க!" என்று மருமகள் அடுக்களையிலிருந்து கத்தினாள். ஆனாலும் மனு அப்படியே போயிற்று.

அலுவலகம் அதைப் படித்து, பரிசீலித்து, ஏற்றுக்கொண்டது. ஆச்சரியம்தான். ஏற்றுக்கொண்டு, பூர்த்தி செய்து அனுப்பும்படி மூன்று பிரதிகளில் ஒரு படிவமும் அனுப்பியது. 'மேற்படி தந்தை கட்டடத்தைவிட்டு நிரந்தரமாக வெளியேறும் நாள்: இதை அலுவலகமே கோப்பின் முறைப்படி நிர்ணயித்துத் தெரிவிக்கும். விண்ணப்பதாரர் கீழ்க்கண்டவற்றில் ஒன்றை மட்டும் குறிக்கவும்: அவசரம், சாதாரணம்.'

வெல்டர் பேனாவை வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா படிவத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

"அவசரம்னா எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு வருஷம் ஆகும்னு குமாஸ்தா சொன்னார்ப்பா."

"சாதாரணம்னா?"

"இடிஞ்சு விழுந்த கோபுரத்துக் கோப்பு சாதாரணத்துல போனதுதானாம். ஒன்பது வருஷத்துலயும் பாதி மேஜைகூடத் தாண்டலையாம்."

அப்பா பேனாவை வாங்கி, மூன்று பிரதியிலும் 'சாதாரணம்' என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் அடித்தார்.